சரளைக் குவாரிக்கு அனுமதி: முதல் வாளி மண்ணை அள்ளும் முன் முடிவாக வேண்டியவை

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது. வேளாண் மண்டலமாக வகைப்படுத்தப்பட்டுள்ள ஏறத்தாழ 40 ஹெக்டேர் நிலத்தில், 15 மீட்டர் ஆழம் வரை தோண்டி 20 ஆண்டுகளுக்குச் சரளை எடுக்க ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருக்கிறது. மண்டல மாற்றத்தை இப்போது முடிவுசெய்துவிட்டு, நில மீட்புத் திட்டத்தை, அதாவது தோண்டி முடித்த நிலத்தை மீண்டும் பயன்படும்படி சீரமைக்கும் திட்டத்தை, குவாரி தொடங்கிய பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாமா? அந்தத் திட்டத்தில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

முதல் பாதிக்கு என் பதில், கூடவே கூடாது என்பதுதான். மண்டல அனுமதியும் மீட்புத் திட்டமும் இரண்டு கோப்புகளில் இருக்கலாம். ஆனால் அவை ஒரே முடிவு. குவாரி 20 ஆண்டுகளில் முடிந்துவிடும், நிலம் அதன் பிறகும் இருக்கும். ஆகவே திட்டமிடும் அமைப்பு உண்மையில் அனுமதி கொடுப்பது குவாரிக்குப் பிறகு அந்த இடம் என்னவாக இருக்கப்போகிறது என்பதற்குத்தான். அந்த இறுதிப் பயன்பாடு தெரியாமல் எவ்வளவு ஆழம் தோண்டலாம், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளித் தோண்ட வேண்டும், மேல்மண்ணை எங்கே வைக்க வேண்டும் என்ற எதையும் சரியாகச் சொல்ல முடியாது. இவை அனைத்தும் தோண்டத் தொடங்கிய சில மாதங்களிலேயே மாற்ற முடியாதவையாகிவிடும்.

மண்டலத்திலிருந்தே தொடங்குகிறேன். சரளை, ஆறுகளும் பனியாறுகளும் கொண்டுவந்து போட்ட இடத்தில்தான் கிடைக்கும்; தொழிற்சாலையைப் போல வேறு இடத்துக்கு மாற்ற முடியாது. எடை அதிகமாகவும் விலை குறைவாகவும் உள்ள பொருள் என்பதால், ஏற்றிச் செல்லும் தூரம் கூடக்கூட லாரிச் செலவே பொருளின் விலையை விழுங்கிவிடும். அதனால்தான் கட்டுமானம் நடக்கும் நகரங்களுக்கு அருகிலேயே குவாரிகளும் கேட்கப்படுகின்றன, மோதலும் அங்கேயே வருகிறது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நல்ல சரளைப் படிவின் மேல் வீடுகளை அனுமதித்துவிட்டால் அந்த வளம் நிரந்தரமாகக் கைவிட்டுப் போகும். அதற்கு ஈடான சரளை இன்னும் தொலைவிலுள்ள ஏதோ ஓர் ஆற்றங்கரையிலிருந்து வரும். கலிபோர்னியாவில் 1975-ஆம் ஆண்டின் மேற்பரப்புச் சுரங்க மற்றும் நில மீட்புச் சட்டம் இந்த இரண்டு அக்கறைகளையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கனிமம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, எங்கே இன்னும் தெரியவில்லை என்று நிலங்கள் வகைப்படுத்தப்படுகின்றன. உள்ளாட்சிகள் தங்கள் நிலப் பயன்பாட்டுத் திட்டங்களில் அந்த வகைப்பாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதே சட்டத்தின்படி, மீட்புத் திட்டமும் அதற்கான நிதி உத்தரவாதமும் ஒப்புதல் பெறாமல் சுரங்கம் நடத்த முடியாது. அந்த வரிசைமுறைதான் முக்கியம்.

உங்களிடம் வந்துள்ள விண்ணப்பத்தில் மண்டல மாற்றம் கோரப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. வேளாண் மண்டலத்தை முழுமையாகத் தொழில் மண்டலமாக மாற்றுவது, என் கருத்தில், இருக்கும் வழிகளிலேயே மிக மோசமானது. சரளை தீர்ந்த பிறகும் அந்த வகைப்பாடு நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குழிக்குள் தார்க் கலவை ஆலையோ, பழைய வண்டிகளின் கிடங்கோ, குப்பை கொட்டும் இடமோ வருவதற்கு அது கதவைத் திறந்துவிடும். அடிப்படை மண்டலம் வேளாண்மையாகவே இருக்க, அதன் மேல் காலவரையறையுள்ள நிபந்தனை அனுமதி ஒன்றை வழங்குவதும், கனிம வளம் உள்ள பரப்பை, அடிப்படை மண்டலத்தை மாற்றாமல் அதன் மேல் கூடுதலாகப் பொருந்தும் மேலடுக்கு மண்டலமாகக் குறித்து வைப்பதும் இதைவிடப் பாதுகாப்பானவை. அனுமதி காலாவதியானதும் நிலம் தானாகவே பழைய மண்டலத்துக்குத் திரும்பும். நிபந்தனைகளை மீறினால் அனுமதியை நிறுத்திவைக்கலாம்; மண்டல மாற்றத்தை அப்படி எளிதில் திரும்பப் பெற முடியாது. குவாரி முடிந்தபின் வீட்டுமனைகள் போடலாம் என்று இப்போதே வாக்குக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். குழியை நிரப்பிய மண் பல ஆண்டுகள் சீரற்று அமிழ்ந்துகொண்டிருக்கும். அடுக்கடுக்காக இறுக்கி, சோதித்து நிரப்பியதற்கான பதிவு இல்லாத நிலத்தின் மேல் கட்டடத்தை அனுமதிப்பது, பின்னால் வீடு வாங்குபவர்களின் தலையில் பாரத்தை ஏற்றுவதாகும்.

அருகிலேயே வேறு குவாரிகள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால், அவை சட்டம் வருவதற்கு முன்பே இயங்கியவை என்ற உரிமையைக் கோருகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். வளம் குறைந்துகொண்டே போகும் தொழில் என்பதால், பழைய குவாரி தன் முழு நிலத்துக்கும் விரிவடையும் உரிமை உடையது என்ற வாதம் பல இடங்களில் எழுந்திருக்கிறது. இரண்டு குவாரிகள் பொது எல்லை கொண்டவையாக இருந்தால், இருவரும் தத்தம் பக்கத்தில் இடைவெளி விட்டுத் தோண்டி, நடுவில் இரு பக்கமும் செங்குத்தான ஒரு மண்சுவரை விட்டுச்செல்வார்கள். அது விளைச்சலுக்கும் ஆகாது, நீர்நிலைக்கும் ஆகாது. இரு உரிமையாளர்களும் ஒரே மீட்பு வரைபடத்தில் கையெழுத்திட்டால் அந்தச் சுவரையும் எடுத்துவிடலாம். அதிலுள்ள சரளையும் வீணாகாது.

இனி மீட்புத் திட்டத்துக்கு வருகிறேன். எந்தத் திட்டத்திலும் நான் முதலில் பார்ப்பது குறுக்குவெட்டு வரைபடங்களைத்தான். பச்சை வண்ணம் பூசிய மேல்நோக்குப் படங்களை அல்ல. காரணத்தை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 15 மீட்டர் ஆழக் குழியின் ஓரம் இறுதியில் மூன்றுக்கு ஒன்று என்ற சரிவில் அமைய வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது என்று கொள்வோம். அதாவது மூன்று மீட்டர் கிடையாகப் போனால் ஒரு மீட்டர் இறங்கும். அந்தச் சரிவுக்கு 45 மீட்டர் அகலம் வேண்டும். குவாரி நடத்துபவர் அனுமதிக்கப்பட்ட எல்லைக் கோடு வரை செங்குத்தாக வெட்டிவிட்டால், அந்தச் சரிவு முழுவதையும் வெளியிலிருந்து மண் கொண்டுவந்துதான் கட்ட வேண்டும். ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 337.5 கனமீட்டர் மண் தேவை. 200 மீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு பக்கத்துக்கு 67,500 கனமீட்டர். லாரிக்குப் பத்து கனமீட்டர் என்று வைத்தால் 6,750 நடை. இதையே, இறுதி எல்லைக்கு 22.5 மீட்டர் முன்பாகத் தோண்டுவதை நிறுத்திவிட்டால், மேல்பாதியை வெட்டிக் கீழ்பாதியில் தள்ளி அதே சரிவைப் பெறலாம். அப்போது நகர்த்த வேண்டியது மீட்டருக்கு 84 கனமீட்டர்தான், அதாவது நான்கில் ஒரு பங்கு. வெளியிலிருந்து ஒரு நடை மண்ணும் வேண்டாம், புல்டோசர் ஒன்றே போதும். இரண்டு வழிகளிலும் காகிதத்தில் தெரியும் இறுதிச் சரிவு ஒன்றுதான். ஒன்று நடக்கக்கூடியது; மற்றொன்று, குவாரியிலிருந்து வருமானம் நின்ற பிறகு யாரும் செய்ய முன்வராதது. ஆகவே தோண்டும் எல்லை எது, இறுதிச் சரிவின் உச்சி எது என்ற இரண்டு கோடுகளும் தனித்தனியாக வரைபடத்திலும், தரையில் நட்ட கற்களாலும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

வெளியிலிருந்து மண் வரும் என்று திட்டம் சொன்னால், அது எங்கிருந்து வரும், யார் சோதிப்பார்கள், மறுக்கப்படும் லாரிகள் எங்கே போகும் என்று கேளுங்கள். தூய மண் என்ற பெயரில் கட்டட இடிபாடும், அதைவிட மோசமானவையும் குழிக்குள் வந்து சேர்வது இந்தத் தொழிலின் பழைய நோய். சரளைப் படிவு நிலத்தடி நீர் எளிதில் ஓடும் வழி என்பதால், அதற்குள் போடப்படும் எதுவும் கிணறுகளுக்குப் போகும் வாய்ப்பு உண்டு.

அடுத்தது மேல்மண். வேளாண் நிலத்தை வேளாண்மைக்கே திருப்பித் தருவதாக விண்ணப்பதாரர் சொல்கிறார் என்றால், அந்த வாக்குறுதியின் முழுப் பாரமும் இந்த 30 சென்டிமீட்டரில்தான் நிற்கிறது. ஒரு ஹெக்டேரிலிருந்து 30 சென்டிமீட்டர் மேல்மண்ணை எடுத்தால் 3,000 கனமீட்டர் சேரும். 5 ஹெக்டேர் கட்டம் ஒன்றுக்கு 15,000 கனமீட்டர். மூன்று மீட்டர் உயரத்துக்கு மிகாமல் அதைக் குவிக்க அரை ஹெக்டேருக்கும் மேல் இடம் வேண்டும். அந்த இடம் திட்டத்தில் எங்கே காட்டப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பல திட்டங்களில் அது இருக்கவே இருக்காது. உயரமாகக் குவித்த மண்ணின் நடுப்பகுதியில் காற்றுப் புகாது. மண்புழுக்களும் வேரோடு வாழும் பூஞ்சைகளும் அங்கே மடிந்துபோகும். ஆண்டுகள் செல்லச்செல்ல அது வெறும் மண்ணாகிவிடும். மேல்மண்ணையும் அதற்குக் கீழுள்ள அடிமண்ணையும் தனித்தனியாக எடுத்து, தனித்தனியாக வைத்து, அதே வரிசையில் திரும்பப் பரப்ப வேண்டும். ஈரமாக இருக்கும்போது இரண்டையும் தொடவே கூடாது, ஏனெனில் கனரக வண்டி ஒருமுறை ஏறி இறங்கிய ஈர மண் கல்லாக இறுகிவிடும், அதைப் பின்னர் எத்தனை முறை உழுதாலும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். சத்தத்தைத் தடுப்பதற்கான கரைகளை மேல்மண்ணாலேயே கட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. பார்வைக்குச் சிக்கனமாகத் தோன்றும் அந்த வழி, குவாரி இருக்கும் இருபது ஆண்டுகளும் அந்த மண்ணைச் சிறைவைத்துவிடுகிறது. கரைகளுக்கு அடிமண்ணோ, சரளைக்கு மேலே கிடக்கும் பயன்படாத மண்ணோ போதும்.

மேல்மண்ணைக் குவித்து வைப்பதையே தவிர்ப்பதுதான் சிறந்த வழி. அதற்குத்தான் கட்டம் கட்டமாகத் தோண்டும் முறை உதவுகிறது. 40 ஹெக்டேரையும் 20 ஆண்டுகளில் தோண்டினால் ஆண்டுக்குச் சராசரியாக 2 ஹெக்டேர் திறக்கப்படும். அதை 5 ஹெக்டேர் கொண்ட எட்டுக் கட்டங்களாகப் பிரித்தால், மூன்றாம் கட்டத்தின் மேல்மண்ணைச் சுரண்டும் வண்டி அதை நேராக முதல் கட்டத்தின் சீரமைத்த தரையில் கொண்டுபோய்ப் பரப்பலாம். விதையும் உயிரும் உள்ள மண் ஒரு நாள்கூடக் குவியலில் கிடக்காது. நிபந்தனையாக எழுத வேண்டியது ஒன்றுதான்: எந்த நேரத்திலும் திறந்து கிடக்கும் மொத்தப் பரப்பு இத்தனை ஹெக்டேரைத் தாண்டக் கூடாது, முதல் கட்டத்தில் மண் பரப்பி விதைத்ததை ஆய்வாளர் ஒப்புக்கொள்ளாமல் மூன்றாம் கட்டத்தில் மண்வெட்டி படக் கூடாது. ‘கூடியவரை படிப்படியாக மீட்கப்படும்’ என்ற வாசகம் எந்தத் திட்டத்திலாவது இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். அளக்க முடியாத வாக்குறுதியை யாரும் அமல்படுத்த முடியாது.

தண்ணீரைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம். இங்கே எல்லோரும் தவறவிடும் ஒரு பகுதியை மட்டும் விரித்துச் சொல்கிறேன். நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே நிறுத்திக்கொள்ளும் குவாரி ஒரு வகை; அதற்குள் இறங்கித் தோண்டி ஏரியை விட்டுச்செல்வது வேறு வகை. எந்த வகை என்று தெரிந்துகொள்ளவே, ஓர் ஆண்டின் எல்லாப் பருவங்களையும் உள்ளடக்கிய அளவீடுகள் வேண்டும். கோடையில் ஒருமுறை அளந்த மட்டத்தை வைத்துக்கொண்டு உலர் குவாரி என்று சொல்லக் கூடாது. இப்போது, நீர்மட்டம் நிலத்துக்கடியில் கிடையாக இருப்பதில்லை, அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இருநூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சாய்வுள்ள இடத்தில், நீரோட்டத்தின் திசையில் 400 மீட்டர் நீளமுள்ள ஏரி உருவாகிறது என்று கொள்வோம். தோண்டுவதற்கு முன் அதன் இரு முனைகளுக்கும் இடையே நீர்மட்டத்தில் 2 மீட்டர் வேறுபாடு இருந்தது. ஏரியின் நீர்ப்பரப்போ சமதளமாகத்தான் நிற்கும். ஆகவே மேல்முனையில் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கும். கீழ்முனையில் ஒரு மீட்டர் ஏறும். மேல்பக்கத்து ஆழமற்ற கிணறுகள் வற்றத் தொடங்கும்; கீழ்பக்கத்துத் தாழ்ந்த வயல்களில் ஈரம் தங்கும், அடித்தளங்களில் நீர் ஊறும். ஒரு சொட்டு நீரையும் இறைக்காமலேயே இது நடக்கும். ஏரியின் நீண்ட பக்கத்தை நீரோட்டத்துக்குக் குறுக்காகத் திருப்பி அமைத்தால், அல்லது ஒரே பெரிய ஏரிக்குப் பதிலாகத் தோண்டாத நிலத்தை இடையில் விட்டுச் சிறிய ஏரிகளாகப் பிரித்தால், இந்த விளைவு வெகுவாகக் குறையும். வரைபடத்தில் செய்யும் மாற்றம் மட்டுமே இது. ஆனால் தோண்டிய பிறகு செய்ய முடியாது.

ஆற்றின் வெள்ளச் சமவெளியில் இந்த நிலம் இருக்குமானால் கவலை இன்னும் பெரிது. ஆற்றுக்கும் குழிக்கும் நடுவே இருக்கும் கரை ஒரு வெள்ளத்தில் உடைந்தால், ஆறு குழிக்குள் திரும்பிவிடும். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் டுஹுங்கா ஆற்றில் 1969-ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது இதுதான் நடந்தது. சரளைக் குழிக்குள் விழுந்த நீர் ஆற்றுப்படுகையை மேல்நோக்கி அரித்துக்கொண்டே போனதில், குழிக்கு வெகு அப்பாலிருந்த நெடுஞ்சாலைப் பாலங்கள் இடிந்தன. ஆகவே ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி என்ற ஒரே எண்ணோடு திருப்தியடையக் கூடாது. ஆறு கடந்த காலங்களில் எங்கெல்லாம் தடம் மாறி ஓடியிருக்கிறது என்று பழைய நிலப்படங்களையும் வான்படங்களையும் கொண்டு வரைந்து, அந்த அலைவுப் பட்டைக்குள் குழி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏரியாக விடுவது தோல்வி அல்ல. நன்றாகத் திட்டமிட்டால் அது சிறப்பான முடிவு. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் அருகே ஆட்டன்பரோவில் 1929 முதல் சரளை எடுக்கப்பட்ட இடம், 1966-இல் இயற்கைக் காப்பகமாகத் திறக்கப்பட்டது. காட்ஸ்வோல்டு நீர்ப்பூங்காவில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் சரளைக் குழிகளிலிருந்து உருவானவை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பழைய சரளைக் குவாரி ஒன்றின் மேல் அமைத்த சேம்பர்ஸ் பே கோல்ஃப் மைதானம் 2007-இல் திறக்கப்பட்டு, 2015-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியையே நடத்தியது. ஆனால் பறவைகளும் மீன்களும் வாழும் ஏரிக்கு ஓரங்கள் ஆழமற்று இருக்க வேண்டும். பத்துக்கு ஒன்று போன்ற மென்சரிவும், வளைந்து நெளிந்த கரையும், ஆழ வேறுபாடும் வேண்டும். செங்குத்தாக இறங்கும் செவ்வகக் குழியில் நீர் நின்றால் நாணலும் முளைக்காது, தவறி விழுந்தவர் ஏறவும் முடியாது. விமான நிலையம் அருகில் இருந்தால் பறவைகளை ஈர்க்கும் ஏரியே ஆபத்தாகலாம். பிரிட்டனில் விமான நிலையத்தைச் சுற்றி 13 கிலோமீட்டர் வரை இது குறித்துக் கலந்தாலோசிக்கும் வழக்கம் இருக்கிறது. சரளையைக் கழுவிய சேற்றுக் குளங்களையும் மறந்துவிடாதீர்கள். மேலே காய்ந்து தரையைப் போலத் தெரியும் அந்தச் சேறு உள்ளே பல ஆண்டுகள் குழம்பாகவே இருக்கும். அவற்றுக்கு வேலியும், எப்போது, எப்படி மூடுவது என்ற தனித் திட்டமும் வேண்டும்.

தூசி, சத்தம், வேலை நேரம், லாரிப் பாதை ஆகியவை மக்கள் கூட்டங்களில் அதிகம் பேசப்படுபவை, நியாயமாகவே. அவற்றுக்கான நிபந்தனைகள் ஓரளவு எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் இங்கே விரிக்கவில்லை. லாரிப் பாதையை மட்டும் அனுமதியிலேயே பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள்.

பணத்துக்கு வருவோம். மேலே சொன்ன அனைத்தும் நிற்பதும் விழுவதும், மீட்பு வேலைக்கு நிதி உத்தரவாதமாக நிறுவனம் முன்கூட்டியே கொடுக்கும் பிணைத்தொகையில்தான். குவாரி நிறுவனம் திவாலானாலோ காணாமல் போனாலோ, வேறொருவரை அமர்த்தி அந்த நிலத்தைச் சீரமைக்க எவ்வளவு ஆகுமோ அதுவே பிணைத்தொகையின் அளவு. குவாரிக்காரர் தன் சொந்த இயந்திரங்களைக் கொண்டு செய்தால் ஆகும் செலவைக் கணக்காகக் காட்டுவார். அதை ஏற்கக் கூடாது, ஏனெனில் அந்த நாளில் அந்த இயந்திரங்கள் அங்கே இருக்காது. வெளி ஒப்பந்ததாரரின் கூலி, இயந்திரங்களைக் கொண்டுவரும் செலவு, மேற்பார்வைச் செலவு, விலையேற்றம் எல்லாம் சேர வேண்டும். எந்தக் கட்டத்தில் திறந்த பரப்பு மிக அதிகமாக இருக்குமோ, அந்த மோசமான நாளை வைத்துக் கணக்கிட வேண்டும். ஆண்டுதோறும் அளவீடு செய்து திருத்தவும் வேண்டும். ரொக்கமோ, திரும்பப் பெற முடியாத வங்கி உத்தரவாதமோ ஏற்கலாம். நிறுவனத்தின் வெறும் உறுதிமொழிக் கடிதம் பிணை ஆகாது. திறந்த பரப்புக்கு வரம்பு வைத்தால் பிணைத்தொகையும் குறையும் என்பதை விண்ணப்பதாரரிடம் எடுத்துச் சொல்லுங்கள். படிப்படியாக மீட்பது அவருக்கே லாபம் என்று புரியும்போது பாதி வாதம் அடங்கிவிடும்.

தொகையைத் திருப்பித் தருவதும் கட்டம் கட்டமாக நடக்கட்டும்: சரிவு அமைத்ததும் ஒரு பகுதி, மேல்மண் பரப்பியதும் ஒரு பகுதி, மீதியைப் பயிர் நிலைத்த பிறகு. நிலைத்தது என்பதற்கு அளவுகோல் வேண்டும். அண்டைய வயலின் விளைச்சலோடு ஒப்பிட்ட விழுக்காடு, தரையை மூடிய செடிகளின் விழுக்காடு, நீர் பாய்ச்சாமலும் மறுநடவு செய்யாமலும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலைத்திருத்தல் என்று எண்ணாலேயே எழுதுங்கள். விதைத்த பருவத்தில் எல்லா நிலமும் பச்சையாகத்தான் இருக்கும்.

இன்னொரு ஓட்டை உண்டு. குவாரியை மூடினால் மீட்பு தொடங்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், சிலர் மூடவே மாட்டார்கள். ஆண்டுக்கு நாலு லாரி சரளை எடுத்துக்கொண்டு ‘இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது’ என்பார்கள். கலிபோர்னியச் சட்டம் இதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. உற்பத்தி, முந்தைய உச்ச ஆண்டு அளவிலிருந்து 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து ஓர் ஆண்டோ அதற்கு மேலோ நீடித்தால், மீண்டும் தொடங்கும் எண்ணம் இருந்தாலும் அது முடங்கிய குவாரி. அதற்கு இடைக்காலப் பராமரிப்புத் திட்டம் தாக்கல் செய்தாக வேண்டும். இதே போன்ற ஒரு வரியை உங்கள் அனுமதியிலும் சேர்த்து, முடங்கிய நிலை இத்தனை ஆண்டுகளைத் தாண்டினால் மீட்பு கட்டாயம் என்று முடிவு தேதியும் போடுங்கள்.

கடைசியாக, நிலத்தின் உரிமையாளரும் குவாரி நடத்துபவரும் ஒருவரேதானா என்று பாருங்கள். குத்தகைக்கு எடுத்தவர் விண்ணப்பித்திருந்தால், உரிமையாளரின் கையெழுத்தும் மீட்புத் திட்டத்தில் இருக்க வேண்டும். குத்தகை 20 ஆண்டில் முடிகிறது என்றால் மண் பரப்பி, விதைத்து, இரண்டு ஆண்டுகள் கண்காணிப்பதற்கான நுழைவு உரிமை அதற்குப் பிறகும் தொடர்வதாகக் குத்தகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். மீட்புக் கடமை நிலத்தின் பத்திரப் பதிவிலேயே ஏறியிருந்தால், இடையில் நிலம் கைமாறினாலும் வாங்குபவர் அதை அறிந்தே வாங்குவார். விண்ணப்பக் கோப்பில் குறுக்குவெட்டு வரைபடங்களும், ஓர் ஆண்டு நீர்மட்ட அளவீடுகளும், வெளி ஒப்பந்ததாரர் விலையில் போட்ட பிணைக் கணக்கும், உரிமையாளரின் கையெழுத்தும் இல்லையென்றால், மண்டல விசாரணைக்குத் தேதி குறிக்காமல் கோப்பு முழுமையடையவில்லை என்று எழுத்துமூலம் திருப்பி அனுப்புங்கள்.